மிஸ் அடிக்கிற பழைய மாருதி 800: கார்பரேட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

பழைய கார்ல மிஸ்ஸிங், அதாவது ஏதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம எஞ்சின் தடுமாறுறது, வந்தா நம்மூர்ல கதை பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதல்ல பொறி விடுற பிளக் மாத்துவாங்க, சரியாகலைன்னா பெட்ரோலையும் காத்தையும் கலந்து குடுக்கிற கார்பரேட்டரைக் கழட்டி பெட்ரோல்ல கழுவி மாட்டுவாங்க, ரெண்டு நாள் நல்லா ஓடுற மாதிரி இருக்கும், திரும்ப அதே ஆட்டம், அப்புறம் பொறிக்கு வேண்டிய கரண்டைக் கிளப்புற காயில், அப்புறம் அதை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிச்சுக் குடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் முழுசா, கடைசில "எஞ்சின் வேலை பார்த்துருவோம் சார்"னு வந்து நிக்கும். ஒவ்வொரு தடவையும் காசு போகுதே தவிர எது கெட்டுப்போச்சுன்னு யாரும் தேடவே இல்ல. நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான், எதையும் வாங்குறதுக்கு முன்னாடி எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு கண்டுபிடிங்க. அது தெரிஞ்சா மீதியெல்லாம் வரிசையா வந்துரும்.

உதாரணத்துக்கு கார்பரேட்டர் மாடல் மாருதி 800-ஐ எடுத்துக்கிறேன், கார்பரேட்டர் ஆம்னிக்கும் இதே கணக்குதான், எஞ்சின் மட்டும் முன் சீட்டுக்கு அடியில இருக்கும். 1983 டிசம்பர்ல முதல் வண்டி ரோட்டுக்கு வந்தது, 2014 ஜனவரில தயாரிப்பை நிறுத்தினாங்க, இன்னமும் சின்ன ஊர்கள்ல ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. 796 சிசி, மூணு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியுற வரிசை) 1-3-2. டைமிங் பெல்ட் பக்கம் இருக்கிறது ஒண்ணாம் நம்பர்.

மூணு சிலிண்டர்ங்கறது இங்க முக்கியம். நல்லா இருக்கிற 800-ஏ ஐடிலிங்ல, அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காம சும்மா ஓடும்போது, கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும், அதை மிஸ்ஸிங்னு நினைச்சு காசை விடாதீங்க. நிஜமாவே ஒரு சிலிண்டர் செத்தா மூணுல ஒரு பங்கு பவர் காணாமப் போகும், மூணு பேர் சேர்ந்து தூக்குற பீரோவை ஒருத்தர் கைவிட்ட மாதிரி, ஸ்டியரிங், கியர் லீவர், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஆடும், சைலன்சர் வாய்ல கையை வச்சுப் பார்த்தா சீரா வராம ஒரே தாளத்துல பொக் பொக்னு விட்டு விட்டு வரும். தாளம் மாறாம விட்டா ஒரு சிலிண்டர் பிரச்சனை. எப்ப விடும்னே தெரியாம அங்கங்க விட்டா எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு. கிளட்ச் விடும்போது மட்டும் ஆடுறது, ஆக்சிலேட்டர் மிதிக்காமலே ஆர்பிஎம் ஏறி இறங்குறது, இதெல்லாம் வேற நோய்.

எப்ப மிஸ் அடிக்குதுன்னு முதல்ல கவனிங்க

ரெண்டு மூணு நாள் ஓட்டும்போதே மனசுல குறிச்சுக்கோங்க. மழை பெய்ஞ்சா, இல்ல மார்கழிப் பனில காலைல மட்டும் அடிக்குதா, அப்படின்னா பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் (அதோட மூடி) பக்கம் போங்க, ஈரத்துல கரண்ட் லீக் ஆகுது. ஐடிலிங்ல மட்டும் அடிச்சு வேகம் எடுத்ததும் சரியாகுதா, எங்கயாவது காத்து இழுக்குதா, டேப்பட் (வால்வுக்கு விடுற சின்ன இடைவெளி) டைட்டா இருக்கான்னு பார்க்கணும், இல்ல கார்பரேட்டர்ல ஐடில் ஜெட் அடைச்சிருக்கும். ஐடிலிங் நல்லா இருந்து மேம்பாலம் ஏறும்போதும் ஓவர்டேக் பண்ணும்போதும் அடிக்குதா, ஸ்பார்க் பலம் இல்ல, இல்லன்னா பெட்ரோல் பத்தல. குளிர்ல நல்லா ஓடி அரை மணி நேரம் ஓட்டினப்புறம் ஆரம்பிச்சு, ஆறினா சரியாகுதா, காயிலைச் சந்தேகப்படுங்க, எலக்ட்ரானிக் இக்னிஷன்னா காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிற இக்னைட்டரையும். இதெல்லாம் தீர்ப்பு இல்ல, எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்னு ஒரு துப்பு, அவ்வளவுதான். ஆனா இதைச் சரியா சொன்னாலே நல்ல மெக்கானிக்குக்கு பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

வண்டியைத் திறந்த இடத்துல நிறுத்துங்க, ஷட்டர் போட்ட கேரேஜ்ல எஞ்சின் ஓட விடவே கூடாது, புகைல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்குக் கல்லு. துண்டு, துப்பட்டா, வேட்டி முனை எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. 800-ல ரேடியேட்டர் ஃபேன் கரண்ட்ல ஓடுறது, சூடானா சொல்லாமக் கொள்ளாமச் சுத்த ஆரம்பிக்கும், விரலை அந்தப் பக்கம் விடாதீங்க. பிளக் வயர்ல வர்றது 20,000 வோல்ட் பக்கம், ஷாக் அடிச்சா கையை வெடுக்குனு இழுப்பீங்க, அந்த இழுப்புல எங்கயாவது இடிச்சு ரத்தம் வரும். இதயத்துல பேஸ்மேக்கர் வச்சிருக்கிறவங்க இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

சாமான் பெருசா ஒண்ணும் வேண்டாம். பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்), ஒரு சாதா மல்டிமீட்டர், கைப்பிடில ரப்பர் போட்ட பிளையர், வேலை செய்யுற பழைய பிளக் ஒண்ணு, ரெண்டு பக்கமும் கிளிப் வச்ச வயர் ஒண்ணு, டார்ச், பூச்செடிக்குத் தண்ணி அடிக்கிற ஸ்ப்ரே பாட்டில். போன்ல எல்லா வயரையும் போட்டோ எடுத்துட்டு ஒவ்வொண்ணுலயும் டேப் ஒட்டி 1, 2, 3 எழுதுங்க. இதைச் செய்யாம கழட்டி, திரும்ப மாத்தி மாட்டி, இல்லாத மிஸ்ஸிங்கை உண்டாக்கிக்கிறவங்க நிறைய.

அப்புறம் ஒரு பத்து நிமிஷம் வெறுமனே கண்ணால பாருங்க. பேட்டரி டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருக்கா, எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கிற எர்த் வயர் துருப்பிடிச்சிருக்கா, எலி கடிச்சிருக்கா (இது விளையாட்டு இல்ல, வாரக்கணக்கா நிக்கிற வண்டில எலிதான் முதல் குற்றவாளி), வேக்கம் ஹோஸ் (எஞ்சின் இழுப்பு வேலை செய்யுற சின்ன ரப்பர் குழாய்) ஏதாவது கழண்டு தொங்குதா, காயில்ல மாட்டுற சின்ன வயர் லூசா இருக்கா.

செத்த சிலிண்டரைக் கண்டுபிடிக்கிறது

எஞ்சினைச் சூடாக்கி ஐடிலிங்ல விட்டு, ஒவ்வொரு பிளக் வயரா பிடுங்கிப் பார்க்கிறதுதான் நம்ம மெக்கானிக்குங்க காலங்காலமா பண்றது. பிடுங்கினதும் எஞ்சின் இன்னும் மோசமா ஆடினா அந்த சிலிண்டர் நல்லா வேலை செஞ்சுக்கிட்டு இருந்ததுன்னு அர்த்தம். பிடுங்கியும் எந்த மாற்றமும் இல்லன்னா அதுதான் செத்தது. ஐடியா சரி, ஆனா ஓடுற எஞ்சின்ல பிடுங்குறது ஆபத்து, அதுவும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டில வயரை அந்தரத்துல தொங்கவிட்டா கரண்ட் போக வழியில்லாம காயிலும் இக்னைட்டரும் அடி வாங்கும். அதனால இப்படிப் பண்ணுங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஒண்ணாம் நம்பர் வயரைக் கழட்டி அந்தப் பழைய பிளக்ல மாட்டுங்க, பிளக் உடம்பை கிளிப் வயரால எஞ்சின் இரும்போட சேர்த்துக் கட்டுங்க, ஸ்டார்ட் பண்ணி எப்படி ஆடுதுன்னு பாருங்க, ஆஃப் பண்ணுங்க, அடுத்தது. ஒவ்வொண்ணும் சில நொடி போதும், ரொம்ப நேரம் ஓட விட்டா எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயிலைக் கழுவிடும், ஆயில் சம்ப்லயும் இறங்கும்.

இந்த டெஸ்ட்ல பதில் ரெண்டுல ஒண்ணா வரும். ஒரே ஒரு சிலிண்டர்தான் செத்திருக்கு, இல்ல மூணுமே ஒரே மாதிரி நடந்துக்குது.

இங்கதான் கார்பரேட்டர் கதைக்கு வர்றேன். மூணு சிலிண்டருக்கும் ஒரே கார்பரேட்டர், ஒரே பெட்ரோல் பம்ப், ஒரே காயில். ஒரு சிலிண்டர் மட்டும் செத்திருக்குன்னா மத்த ரெண்டுக்கும் ஒழுங்கா பெட்ரோல் குடுக்கிற அதே கார்பரேட்டர் இதுக்கு மட்டும் எப்படிக் குடுக்காம போகும்? குடுக்காதது கார்பரேட்டர் இல்ல. அந்த சிலிண்டருக்குன்னே தனியா இருக்கிற சாமான்கள்லதான் கோளாறு, அதாவது பிளக், பிளக் வயர், கேப்ல அந்த வயர் உட்கார்ற டெர்மினல், அந்த சிலிண்டரோட வால்வு, பிஸ்டன் ரிங், அப்புறம் இன்டேக் மேனிஃபோல்ட் (பெட்ரோல் கலவை உள்ள போற குழாய்) அந்த சிலிண்டரோட சேர்ற இடத்துல கேஸ்கெட். யாராவது ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங்குக்கு கார்பரேட்டரைக் கழட்டணும்னு சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துருங்க.

ஒரு சிலிண்டர் மட்டும்னா

பிளக்கைக் கழட்டி மத்த ரெண்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. இளம் காப்பிக் கலர், சாம்பல் கலர்னா நல்லா எரியுது. பெட்ரோல்ல நனைஞ்சு ஈரமா இருந்தா பெட்ரோல் வருது, ஆனா தீப்பிடிக்கல. கறுப்பா, பிசுபிசுன்னு ஆயிலா இருந்தா ரிங், இல்ல வால்வு சீல் வழியா ஆயில் மேல வருது. வெள்ளையா வெந்து கொப்புளிச்சிருந்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி, அந்த சிலிண்டர் பக்கம் மேனிஃபோல்ட் லீக்கைத் தேடுங்க. மத்த ரெண்டும் பழுப்பா இருக்க இது மட்டும் ஆவி பிடிச்சுக் கழுவின மாதிரி பளிச்சுன்னு இருந்தா ஹெட் கேஸ்கெட் வழியா ரேடியேட்டர் தண்ணி உள்ள வர வாய்ப்பு இருக்கு, தண்ணி குறையுதான்னு பாருங்க. வெள்ளைப் பீங்கான்ல பென்சில்ல கோடு போட்ட மாதிரி மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு இருந்தா கரண்ட் அந்த வழியா வெளில ஓடுது, அந்த பிளக்கும் வேண்டாம், அதோட ரப்பர் மூடியும் வேண்டாம், ஒண்ணை மட்டும் மாத்தினா இன்னொண்ணு திரும்பக் கெடுத்துரும்.

அப்புறம் மாத்திப் போட்டுப் பார்க்கிறது. எனக்கு மொத்தத்துலயே ரொம்பப் பிடிச்ச டெஸ்ட் இதுதான், பைசா செலவில்ல. ரெண்டாம் நம்பர் செத்திருக்குன்னு வச்சுக்கோங்க, அதோட பிளக்கை மூணாம் நம்பர்ல போட்டு மூணாம் நம்பரோடதை இங்க போடுங்க, வேற எதையும் தொடாதீங்க. ஓட்டிப் பாருங்க. இப்ப மூணாம் நம்பர் செத்துச்சுன்னா பிளக்தான் குற்றவாளி, கோளாறு பிளக் பின்னாடியே போயிருக்கு. ரெண்டாம் நம்பரே இன்னமும் செத்திருந்தா பிளக் நிரபராதி, அடுத்தது வயரை மாத்துங்க, நீளம் எட்டலைன்னா ஒரு நல்ல வயரைக் கடன் வாங்கியாவது பாருங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். பிளக், வயர், கேப் எல்லாத்தையும் ஒரே நேரத்துல புதுசா போட்டு சரியாயிடுச்சுன்னா சந்தோஷம்தான், ஆனா எது கெட்டதுன்னு தெரியாது, சரியாகலைன்னா அதைவிடக் குழப்பம், ஏன்னா புது சாமான்லயும் டூப்ளிகேட் நிறைய சுத்துது, பெட்டிலேர்ந்து எடுக்கும்போதே செத்த பிளக்கும் உண்டு.

வயரை மல்டிமீட்டர்ல அளந்தும் பார்க்கலாம். கார்பன் நூல் வச்ச வயர்னா ஒரு மீட்டர் நீளத்துக்கு சுமார் 10-லேர்ந்து 20 கிலோ ஓம் வரைக்கும் காட்டும், அந்த நம்பரை விட மூணு வயரும் அவங்கவங்க நீளத்துக்கு ஏத்த மாதிரி இருக்கான்னு பார்க்கிறதுதான் முக்கியம், ஒண்ணு மட்டும் எகிறினாலோ ஒண்ணுமே காட்டலைன்னாலோ அது போச்சு. அளக்கும்போது வயரை வளைச்சு வளைச்சுப் பாருங்க, உள்ள முறிஞ்சது சில நேரம் நேரா இருக்கிறப்ப ஒட்டிக்கும்.

ராத்திரி டெஸ்ட் ஒண்ணு இருக்கு. நல்லா இருட்டினப்புறம் பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓட விட்டு, ஸ்ப்ரே பாட்டில்ல பனி மாதிரி மெல்லிசா வயர் மேலயும் கேப் மேலயும் தண்ணி அடிங்க. லீக் இருந்தா நீலக் கலர்ல பொறி ஓடுறது கண்ணுக்கே தெரியும், டிக் டிக்னு சத்தமும் வரும், சில வண்டில தீபாவளி மாதிரி இருக்கும். மழைல மட்டும் மிஸ் ஆகுற வண்டிக்கு இதைவிட நல்ல வழி இல்ல. கேப்பைக் கழட்டி உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, முடி மாதிரி விரிசல், கறுப்புக் கோடு, டெர்மினல்ல வெள்ளைப் பொடி இருக்கான்னு. பொடியைச் சுரண்டி எடுக்கலாம், விரிசல் விழுந்த கேப்பைத் தூக்கிப் போடத்தான் வேணும்.

ஸ்பார்க் வருதான்னு பிளக்கை எஞ்சின்ல வச்சு எல்லாரும் பார்ப்பாங்க, நீலமா கனமா வந்தா நல்லது, மஞ்சளா சிவப்பா மெல்லிசா வந்தா பலமில்ல. ஆனா ஒண்ணு, வெளில ஸ்பார்க் வந்துட்டா உள்ளயும் வரும்னு அர்த்தம் கிடையாது, சிலிண்டருக்குள்ள காத்து அழுத்தமா இருக்கும், அந்த அழுத்தத்துல பிளக் முனை இடைவெளியைத் தாண்டிக் குதிக்க இன்னும் நிறைய வோல்ட் வேணும். மேடு ஏறும்போது மட்டும் விடுறதுக்கு இதுவே காரணமா இருக்கும். பிளக் முனை இடைவெளியை, பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள காயில் கரண்டை விட்டு விட்டுக் குடுக்கிற சுவிட்ச்) வச்ச பழைய வண்டிக்கு 0.7-லேர்ந்து 0.8 மி.மீ.-ல வச்சுக்கோங்க, பிந்தைய மாடலுக்கு மேனுவல்ல வேற நம்பர் இருக்கலாம், பார்த்துக்கோங்க.

பிளக்கும் வயரும் கேப்பும் நல்லா இருந்தும் அந்த சிலிண்டர் எழுந்திருக்கலைன்னா கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம், பார்க்கணும். கேஜ் உள்ள மெக்கானிக்கிட்ட போங்க, ஆனா எப்படிப் பண்ணணும்னு நீங்களும் தெரிஞ்சுக்கோங்க. எஞ்சின் சூடா இருக்கணும், மூணு பிளக்கையும் கழட்டணும், காயிலோட சின்ன வயரைக் கழட்டி வச்சிரணும், ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு செல்ஃப் அடிக்கணும். மிதிக்காம எடுத்த ரீடிங் எதுக்கும் ஆகாது. அதிகமா காட்டுற சிலிண்டரோட முக்கால்வாசிக்குக் கீழ எது போகுதோ அது நோயாளி, இப்ப 170, 165, 90னு வந்தா கேள்வியே வேண்டாம். அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊத்தித் திரும்ப எடுங்க, நல்லா ஏறினா ரிங் தேய்ஞ்சிருக்கு, ஏறவே இல்லன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் சேர்ந்து குறைஞ்சிருந்தா நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். வால்வுன்னதும் பயந்து ஹெட்டை இறக்கிடாதீங்க, முதல்ல டேப்பட் கிளியரன்ஸ் பார்க்கச் சொல்லுங்க, டைட்டா இருந்து வால்வு முழுசா மூடாம இருந்தாலும் இதே அறிகுறிதான், ஃபீலர் கேஜும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தா முடிஞ்சுரும்.

மூணுமே சேர்ந்து தடுமாறினா

இப்ப பொதுவான சாமான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள சுத்துற ரோட்டார் முனை கருகியிருக்கா, கேப் நடுவுல இருக்கிற கார்பன் பிரஷ் ஸ்பிரிங்கோட அழுந்தி வருதா பாருங்க. பாயிண்ட் இருக்கிற வண்டின்னா அதோட இடைவெளி 0.4-லேர்ந்து 0.5 மி.மீ., முகம் கருகி குழி விழுந்திருந்தா மாத்துங்க, புதுசு போட்டும் சீக்கிரமே நீலம் பாரிச்சுக் கருகினா பாயிண்டோட சேர்ந்திருக்கிற கண்டன்சர் போச்சு. ரோட்டார் ஷாஃப்டைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, ஆடினா பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவா விழும், நீங்க எத்தனை தடவை டியூனிங் பண்ணினாலும் நிக்காது. சூடானா மட்டும் வர்ற மிஸ்ஸிங்குக்கு காயிலைச் சூட்டோட அளக்கணும், ஆறினப்புறம் அளந்தா நல்லபிள்ளை மாதிரி நம்பர் காட்டும்.

காத்து லீக்குக்கு ஐடிலிங்ல ஓட விட்டு ஒவ்வொரு வேக்கம் ஹோஸா பிளையரால மெதுவா நசுக்குங்க, ஒண்ணை நசுக்கினதும் எஞ்சின் நிதானத்துக்கு வந்தா லீக் அந்த வழில. கார்பரேட்டர் அடி கேஸ்கெட், மேனிஃபோல்ட் ஓரமெல்லாம் தண்ணி ஸ்ப்ரே அடிங்க, அடிச்ச இடத்துல சத்தம் மாறினா அங்கதான். சில பேர் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வாங்க, சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும், புதுசா பழகுறவங்களுக்குத் தண்ணி போதும்.

இதுக்கெல்லாம் அப்புறம்தான் பெட்ரோல். ஃபில்டரை மாத்துங்க, விலை ரொம்பக் கம்மி, சந்தேகமே வேண்டாம். ஐடில் சோலனாய்டு (ஐடிலிங் பெட்ரோலைத் திறந்து மூடுற கரண்ட் வால்வு) இருக்கிற மாடல்னா சாவி போட்டதும் டிக்னு சத்தம் வரணும். பம்ப் ஹோஸைக் கழட்டி பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிச்சா விட்டு விட்டு பலமா பீச்சணும் (காயில் வயரைக் கழட்டிட்டுப் பண்ணுங்க, பொறி பக்கத்துல பெட்ரோல் வேண்டாம்). அதுவும் நல்லா இருந்தா சரி, இப்பக் கழட்டுங்க கார்பரேட்டரை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தியாவுல 2023 பிப்ரவரிலேர்ந்து பங்க்குக்கு வர ஆரம்பிச்சது. எத்தனாலுக்கு காத்து கம்மியாப் போதும், அதாவது பழைய ஜெட் அளவுல கலவை கொஞ்சம் மெலிஞ்சு போகும். ஈரத்தையும் இழுத்துக்கும், டேங்க்ல பல வருஷமா படிஞ்சிருக்கிற பிசினையும் கரைச்சு ஃபில்டருக்குக் கொண்டு வரும், பழைய ரப்பர் ஹோஸ் உப்பும், வெடிப்பு விடும். மாசக்கணக்கா நிக்கிற வண்டின்னா பெட்ரோல் பக்கத்துல இதுதான் முதல் சந்தேகம்.

கேஸ் மாட்டின ஆம்னி, 800 வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வசதி இருக்கு. பெட்ரோல்லயும் ஓட்டிப் பாருங்க, கேஸ்லயும் ஓட்டிப் பாருங்க. ரெண்டுலயும் விட்டா ஸ்பார்க், இல்ல கம்ப்ரஷன். பெட்ரோல்ல மட்டும் விட்டா பெட்ரோல் லைன். கேஸ்ல மட்டும் விட்டா உடனே கேஸ் கிட்டைக் குறை சொல்லாதீங்க, கேஸைப் பத்த வைக்க ஸ்பார்க்குக்கு இன்னும் அதிக வோல்ட் வேணும், அரைகுறை பிளக்கும் வயரும் பெட்ரோல்ல சமாளிச்சு கேஸ்ல மாட்டிக்கும். கேஸ்ல நிறைய ஓடின வண்டில எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ஞ்சு டேப்பட் டைட் ஆகுறதும் சகஜம், அதை அடிக்கடி பார்க்கணும்.

எம்பிஎஃப்ஐ, அதாவது கார்பரேட்டருக்குப் பதிலா ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் பெட்ரோல் பீச்சுற வண்டின்னா பிளக் வயருக்குப் பதிலா இன்ஜெக்டர் சாக்கெட்டை ஒவ்வொண்ணா கழட்டி இதே டெஸ்டைப் பண்ணலாம், எரியாத பெட்ரோலும் உள்ள போகாது. ஸ்கேனர் மாட்டுற அளவு புதுசுன்னா பி0300ங்கற கோளாறு கோட் வந்தா பொதுவா விடுது, பி0301, 302, 303னா அந்தந்த சிலிண்டர். அது இடத்தைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது, பி0302 வந்ததுக்காக காயில் வாங்கிடாதீங்க, மேல சொன்ன மாதிரி மாத்திப் போட்டுப் பாருங்க. செக் எஞ்சின் லைட் மினுக் மினுக்னு அடிச்சா ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதை உருக்கிடும், அதோட விலை மிஸ்ஸிங் ரிப்பேரை விடப் பல மடங்கு. சென்னை மாதிரி பெருநகரங்கள்ல 1995 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த பெட்ரோல் கார்கள்ல கார்பரேட்டர் வண்டிக்கே கன்வெர்ட்டர் உண்டு, அதனால பழசுதானேன்னு விட்டுராதீங்க.

சரியானப்புறம் வயர்னா மூணையும் செட்டா மாத்திருங்க, ஒண்ணு போனா மத்ததும் அதே வயசுதான். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க, பெட்ரோல் வாசனை தூக்கலா இருந்தா ஆயிலையும் மாத்தணும். ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டிட்டு அந்த சிலிண்டர் பிளக்கை மட்டும் திரும்பக் கழட்டுங்க, மத்த ரெண்டோட கலருக்கு வந்திருந்தா முடிஞ்சது. இன்னமும் கறுப்பாவோ ஈரமாவோ இருந்தா நோய் முழுசா போகல, கம்ப்ரஷன் ரீடிங் எடுக்காம விட்டிருந்தா அதை இப்ப எடுத்துருங்க.